மாதத்தில் ஒரு ஞாயிறாவது ட்ராஃப்ட் மேசை போடுங்கள்

கொழும்பில் ஞாயிறுதோறும் அட்டை விளையாட்டுச் சந்திப்பை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு பிற்பகல் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் மூவரும் அங்கேதான் நின்றீர்கள். இரண்டு மணிக்கு மேஜிக் ட்ராஃப்ட் என்று அறிவித்திருந்தீர்கள்: ஆளுக்கு மூன்று புதுப் பக்கற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, அப்படிச் சேர்ந்த அட்டைகளை மட்டும் வைத்து விளையாடும் ஆட்டம். ஆறு பேர் வந்தோம். இரண்டே முக்கால் வரை காத்திருந்தோம். பிறகு, எட்டுப் பேர் சேராததால் ட்ராஃப்ட் இல்லை, சொந்த டெக், அதாவது முன்பே கட்டிய அட்டைத் தொகுப்பு, வைத்திருப்பவர்கள் மற்றப் போட்டியில் சேரலாம் என்றீர்கள். அடுத்த மாதத்திலிருந்து ட்ராஃப்டே கிடையாது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லி முடித்தீர்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, எத்தனை பேர் வந்தாலும், ஒரு ட்ராஃப்ட் மேசை போடுங்கள்.

அன்று வந்த ஆறு பேரில் ஒருவன் கொட்டாஞ்சேனைத் தம்பி. வயது பதினைந்து. அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். ஞாயிறு மட்டும்தான் அவருக்கு ஓய்வு. அந்த ஒரு நாளில் மகனை பஸ்ஸில் கூட்டிவந்து, வாசலில் விட்டு, ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். தம்பியின் பொக்கற்றில் 5,500 ரூபா இருந்தது. பொங்கலுக்கு மாமா கொடுத்தது, பெரியம்மா கொடுத்தது, ரியூஷனுக்கு நடந்து போய் மிச்சம் பிடித்த பஸ் காசு. அதில் இருபது ரூபாத் தாள்கள்கூட இருந்தன. மூன்று பக்கற்றுக்கும் மேசைக்கும் நீங்கள் கேட்கும் தொகை சரியாக அவ்வளவுதான்.

அவனிடம் டெக் இல்லாமலும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு உங்கள் ட்ராஃப்டில் எடுத்து அவனே கட்டிய 40 அட்டைகளை ரப்பர் பாண்ட் போட்டு ஒரு பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். ட்ராஃப்டுக்கு 40 போதும், மற்றப் போட்டிக்கு 60 வேண்டும். "அடுத்த முறை அறுபதோட வாங்கோ தம்பி" என்று உங்களில் ஒருவர் சொன்னார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஆனால் மீதி இருபது அட்டையை அவன் எங்கே போய் எடுப்பான் என்று அவர் யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்தாலும், எதிரே இருப்பவரின் டெக் அவனுடைய அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூடுதல் விலை. அட்டை போட அவனுக்கு நாலாவது முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அவன் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். அப்பாவைக் கூப்பிடு என்று என் போனைக் கொடுத்தேன். "வேண்டாம் அக்கா, இப்பதான் வீட்டுக்குப் போயிருப்பார், கொஞ்சம் படுக்கட்டும்" என்றான். பிறகு அந்த 40 அட்டைகளையும் மடியில் வைத்து நிறம் நிறமாக அடுக்கினான். கலைத்தான். திரும்பவும் அடுக்கினான். நான் பக்கத்தில் இருந்து அவனோடு இரண்டு மூன்று ஆட்டம் விளையாடிப் பார்த்தேன். அவனுக்கு மனம் அதில் இல்லை. ஆறு மணிக்கு அப்பா வந்து, "என்ன மகன், ஜெயிச்சியா?" என்று கேட்டார். "இண்டைக்கு இல்லப்பா" என்றான். அவர் அவன் தோற்றுவிட்டதாக விளங்கிக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆட்டமே நடக்கவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

எட்டுப் பேர் இல்லை என்பதுதான் நீங்கள் சொன்ன காரணம். இத்தனை வருடம் போட்டி நடத்தும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. எட்டு வசதியான எண்ணிக்கை. மூன்று சுற்றில் ஒரு வெற்றியாளர் கிடைத்துவிடுவார். ஆனால் ஆறு பேரோடும் ட்ராஃப்ட் தாராளமாக நடக்கும். எட்டுப் பேர் மேசையில் நீங்கள் பிரித்த முதல் பக்கற் ஒன்பதாவது தெரிவில் உங்களிடம் திரும்பி வரும். ஆறு பேர் என்றால் ஏழாவதிலேயே வந்துவிடும். எதை யார் எடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பவருக்கு அது இன்னும் சுவையான ஆட்டம். நாலு பேரோடும் விளையாடியிருக்கிறோம். இரண்டே பேர் வந்தாலும் வழி இருக்கிறது. 1993இல் வெளிவந்த மேஜிக் விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே இரண்டு பேருக்கென்று வின்ஸ்டன் ட்ராஃப்டை வகுத்து வைத்திருக்கிறார். 90 அட்டைகளைக் கலந்து குப்புற வைத்து, பக்கத்தில் ஒவ்வோர் அட்டையாக மூன்று குவியல். முதல் குவியலைப் பார்த்து எடுக்கலாம். வேண்டாமென்றால் அதன்மேல் இன்னோர் அட்டையைப் போட்டுவிட்டு அடுத்த குவியலுக்குப் போகலாம். மூன்றும் பிடிக்கவில்லையா, கட்டின் மேலட்டை உங்களுக்கு. அன்றைக்கு நானும் அந்தத் தம்பியும் மட்டுமே வந்திருந்தால்கூட விளையாடியிருக்கலாம். நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.

பக்கற் விலை ஏறிவிட்டது என்றும் சொன்னீர்கள். அது உண்மை. 2024 பெப்ரவரியோடு பழைய ட்ராஃப்ட் பக்கற் போய், பிளே பூஸ்டர் என்ற புதுப் பக்கற் வந்தது. பதினைந்து அட்டை பதினாலாகியது, விலை கூடியது. கப்பல் கூலியும் வரியும் உங்கள் தலையில்தான். மண்டப வாடகையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். பிரித்து விற்க முடியாத பெட்டியை வைத்துக்கொண்டு நட்டப்படுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உங்கள் அலுமாரிக்குள் என்ன இருக்கிறது?

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பக்கற் வருவது நின்றுபோனது. பெற்றோல் வரிசை ஒரு பக்கம், மின்வெட்டு ஒரு பக்கம். அப்போதுதான் நாங்கள் ஒன்பது பேர் அவரவர் வீட்டில் சப்பாத்துப் பெட்டிகளில் கிடந்த பழைய கொமன் அட்டைகளை, அதாவது எளிதில் கிடைக்கும் சாதாரண அட்டைகளை, கொண்டுவந்து கொட்டி, ட்ராஃப்ட் ஆடுவதற்கென்றே ஒரு பொது அட்டைத் தொகுப்பு, ஒரு க்யூப், கட்டினோம். சரியாக 360 அட்டைகள். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 45 என்ற கணக்கு. மேஜிக் அட்டைகளின் ஐந்து நிறத்துக்கும் சமமாக இருக்க வேண்டும், எந்த நிறத்தை எடுப்பவருக்கும் எதிராளியின் உயிரிகளை அழிக்கும் அட்டைகள் போதிய அளவு கிடைக்க வேண்டும் என்று மூன்று வாரம் உட்கார்ந்து கூட்டிக் கழித்தோம். ஒவ்வொன்றுக்கும் உறை போட்டோம். ஒவ்வொரு நிறத்துக்கும் நாற்பது நில அட்டை தனியாக வைத்தோம். கரண்ட் இல்லாத பிற்பகல்களில் யன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு விளையாடினோம். தெஹிவளையிலிருந்து சைக்கிளில் வந்தவர் உண்டு, வெள்ளவத்தையிலிருந்து நான் நடந்து வந்த நாட்களும் உண்டு. அந்த வருடம் வேறு எதற்கும் ஆறுதலாக மூச்சு விட முடியாமல் இருந்தபோது, அந்த மூன்று மணித்தியாலம் இருந்தது.

க்யூப்பின் சிறப்பே அதுதான். விளையாடி முடிந்ததும் அட்டைகள் பெட்டிக்குள் திரும்பிவிடும். புதுப் பக்கற் வாங்கவே தேவையில்லை. அந்தப் பெட்டியை எல்லோரும் பாவிக்கட்டும் என்று சொல்லித்தான் உங்களிடம் கொடுத்தோம். இன்றைக்கு அது உங்கள் இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. தம்பி இருந்த கதிரைக்கும் அலுமாரிக்கும் இடையில் ஆறடி கூட இருக்காது. ஆறு பேருக்கு 270 அட்டை போதும். பெட்டியைத் தாருங்கள் என்று அன்றைக்கே கேட்டேன். "அது பழசு, பிறகு பார்ப்பம்" என்று பதில் வந்தது. திறப்பு உங்கள் பொக்கற்றில் இருந்தது.

அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

ட்ராஃப்ட் நின்றால் என்ன, விளையாட வேறு முறைகள் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தத் தம்பி முதன்முதலாக ட்ராஃப்ட் மேசையில் இருந்த நாளை நான் பார்த்தேன். அவனுக்கு வலப்பக்கம் இருந்தவர் நீண்ட காலம் விளையாடுபவர், வீட்டில் அல்பம் அல்பமாக வைத்திருப்பவர். முதல் பக்கற்றில் தம்பி நல்ல பச்சை அட்டை ஒன்றை எடுத்தான். மூன்றாவது, நாலாவது தெரிவுகளில் பச்சையில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ஆறாவது தெரிவில் ஒரு நல்ல சிவப்பு அட்டை வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு இருந்தான். இவ்வளவு நல்லது ஆறாவது ஆள் வரைக்கும் ஏன் வந்தது? வலப்பக்கம் இருக்கிறவர்களுக்குச் சிவப்பு வேண்டாம் போலிருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு, எடுத்து வைத்த பச்சையைக் கைவிட்டு, சிவப்புக்கு மாறினான். இரண்டாவது பக்கற் திசை மாறி இடப்பக்கத்திலிருந்து வந்தபோது தடுமாறினான். மூன்றாவதில் திரும்பவும் வலப்பக்கத்திலிருந்து சிவப்பு கொட்டியது. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றான். அதில் ஒன்று அந்த அல்பக்காரரோடு.

அந்த மேசையில் யார் எவ்வளவு காசு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இடமே இல்லை. எல்லோருக்கும் மூன்று பக்கற். பக்கத்தில் இருப்பவர் எதை விட்டார் என்று பார்க்கத் தெரிந்தவர் முன்னுக்குப் போவார். சொந்த டெக் போட்டியும் நல்ல விளையாட்டுத்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் உள்ளே வரவே ஒரு விலை இருக்கிறது, அந்த விலை இந்த நாட்டில் எங்கேயோ போய்விட்டது. புதிதாக வரும் பிள்ளைக்கு இருந்த ஒரே வாசல் ட்ராஃப்ட்.

மனதில் உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் நம் சந்திப்பில் அட்டையைப் பற்றிக் கதைப்பதை விட அதன் விலையைப் பற்றிக் கதைப்பதுதான் கூட. சிலர் புதுப் பக்கற் பெட்டியைப் பிரிக்காமல் வைத்து இரண்டு வருடம் கழித்து விற்கிறார்கள். ட்ராஃப்டுக்குள்ளும் அது வந்துவிட்டது: தன் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத ரெயார், அதாவது அரிதான, அட்டையை விலைக்காக எடுத்து வைத்துவிட்டு, டெக் கட்ட முடியாமல் இரண்டாவது சுற்றோடு எழும்பிப் போகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு ஆட்டம் இல்லாமல் போகிறது. அதோடு, அறிவித்தல் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது, விதி விளக்கமும் ஆங்கிலத்தில். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகள் கேள்வி கேட்கவே கூச்சப்பட்டு, தவறாக விளையாடித் தோற்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி சேர்த்துப் போடுவதற்கு என்ன செலவு? ஆறு பேர் வந்த இடத்தில் எட்டுப் பேர் வரவேண்டுமென்றால், வருகிறவனை முதலில் உட்கார வைக்க வேண்டும். மூன்று மணித்தியாலம் சுவரோரம் இருந்த பிள்ளை, அடுத்த முறை நண்பனைக் கூட்டிவருவானா?

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், மன்னியுங்கள். இத்தனை வருடமும் இந்தச் சந்திப்பை விடாமல் நடத்துகிறவர்கள் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு மேசையே இல்லை. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு. எத்தனை பேர் வந்தாலும். பக்கற் கிடைத்தால் பக்கற்றில், கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டியில். பெட்டியில் விளையாடும் நாளில் பிள்ளைகளிடம் காசு வாங்காதீர்கள்; மண்டபச் செலவில் எங்கள் பங்கைப் பெரியவர்கள் நாங்கள் தருகிறோம். பழசு என்று சொன்னீர்கள், சரி, கிழிந்த உறைகளை நான் மாற்றித் தருகிறேன். அட்டைகளை எண்ணி, கலந்து, பதினைந்து பதினைந்தாக அடுக்கி வைக்க வருகிற ஞாயிறு ஒரு மணிக்கே வந்துவிடுவேன். விதிகளைத் தமிழில் எழுதி அச்சடித்தும் கொண்டுவருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது அலுமாரியைத் திறப்பது மட்டும்தான்.

தயவுசெய்து புதன்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லுங்கள். அவனுடைய அப்பா தன் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும். அவருக்கு நான் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து வரும்,
அந்தப் பெட்டியைக் கட்டிய ஒன்பது பேரில் ஒருத்தி