பீலைத் திட்டாதே

டேய் செல்வா,

பதில் போடவில்லை என்று நீ கண்டபடி திட்டியிருப்பாய், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, பாஸ்கர் வாங்கிய பணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. குசலம் அவ்வளவுதான்.

நீ கடைசியாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரன் பிராட்லி பீல் சுயநலக்காரன், வேறு அணிக்குப் போக அவன் தலையாட்டாததால் ஒரு அணியே முடங்கியது என்று எழுதியிருந்தாய். அவனைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்கிற அந்த நோ-டிரேட் கிளாஸை அவன் திருடிக்கொண்டா வந்தான்? 2022-ல் அவனுடைய அணி வாஷிங்டன் விசர்ட்ஸ் ஐந்து வருடத்துக்கு 25.1 கோடி டாலர் பேசி, 'உன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு அனுப்ப மாட்டோம்' என்றும் எழுதிக் கொடுத்தது. அடுத்த வருடம் அவன் சம்மதித்துத்தான் ஃபீனிக்ஸ் அணிக்குப் போனான், அந்த உரிமையும் கூடவே போனது. ஃபீனிக்ஸுக்கு இது தெரியாதா? தெரிந்தே வாங்கிவிட்டு, 2025 தொடக்கத்தில் இவனைக் கொடுத்து ஜிம்மி பட்லர் என்கிற வீரனை வாங்க நினைத்தபோது கையைப் பிசைந்தால் அது யார் தப்பு? கடைசியில் அதே வருடம் ஜூலையில் வரவேண்டிய சம்பளத்தில் கிட்டத்தட்ட 1.4 கோடி டாலரை விட்டுக்கொடுத்துத்தான் அவன் வெளியே வந்தான். நல்ல சுயநலம்!

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இந்த உரிமையைக் கேட்கவே எட்டு வருட அனுபவம் வேண்டும், அதில் நான்கு வருடம் அதே அணியில். நீ சட்டை வாங்கி மாட்டித் திரிந்தாயே, அந்த டான்சிச்சை டல்லாஸ் அணி 2025-ல் மாற்றிவிட்டபோது அவனுக்கு ஏழாவது சீசன்தான், கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ராத்திரியோடு ராத்திரியாக லேக்கர்ஸ் அணி ஆள் ஆகிவிட்டான். அன்றைக்கு 'அநியாயம்' என்று குதித்தவனும் நீதான், மறந்துவிடாதே.

சரி, கிண்டல் போதும். பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்? செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பில் 12 சீசன், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு க்ளவ் விருது ஏழு, இரண்டு உலகத் தொடர் வெற்றி. 1969 அக்டோபரில் பிலடெல்ஃபியா கிளப்புக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். அப்போது பேஸ்பாலில் ரிசர்வ் கிளாஸ் என்று ஒன்று இருந்தது, ஒப்பந்தம் முடிந்தாலும் நீ அந்த கிளப்புக்குத்தான் சொந்தம், போகாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த மனுஷர் டிசம்பர் 24 அன்று பேஸ்பால் லீக்கின் தலைவரான கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற சொத்து இல்லை நான் என்று. தொண்ணூறாயிரம் டாலர் சம்பளம் வாங்கியவர் பேஸ்பால் நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டுவிட்டு 1970 முழுக்க ஆடவில்லை. அந்த வழக்கில் ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் வந்து சாட்சி சொன்னார்கள், இருவரும் ஓய்வு பெற்ற பேஸ்பால் நட்சத்திரங்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை செல்வா. பயம்தான், புரிகிறது, ஆனாலும்.

1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். 1973-ல் வீரர்கள் சங்கமும் கிளப் முதலாளிகளும் போட்ட ஒப்பந்தத்தில் புது விதி வந்தது: பத்து வருட அனுபவம், கடைசி ஐந்து ஒரே கிளப்பில் என்றால், வீரரைக் கேட்காமல் மாற்ற முடியாது. பேரம் பேசவே வேண்டாம், தானாக வரும் உரிமை. முதல் ஆளாக அதைப் பயன்படுத்தியவர் ரான் சான்டோ என்ற வீரர். ஃப்ளட்டுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. 1971-லேயே அவர் ஆட்டம் முடிந்துவிட்டது.

கிளப் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்ட நினைக்கும்போது ஒரே ஒரு ஆள் முடியாது என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் வீரரை நினைத்த நேரத்தில் தூக்கிப் போடும் கிளப்புக்கு 'வியாபாரம்', மாட்டேன் என்கிற வீரருக்கு மட்டும் 'சுயநலம்' என்று எழுதுகிறாயே, அதற்கு மட்டும் பதில் சொல். போனில் வேண்டாம், போனில் நீ என்னைப் பேசவே விட மாட்டாய். எழுதி அனுப்பு.

உன்,
ரவி