ஓடும் போக்கிமானைத் துரத்த விடுங்கள்: கேம் ஃப்ரீக்குக்கு ஒரு திறந்த மடல்

போக்கிமான் வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஓரிடத்தில் தங்காமல் நாடு முழுக்க ஓடித் திரியும் அரிய போக்கிமானை, வரைபடத்தை வைத்துக்கொண்டு துரத்திப் பிடிக்கும் அந்தப் பழைய வேட்டையை அடுத்த விளையாட்டில் மறுபடி வையுங்கள்.

1999ல் ஜப்பானில் வெளியான கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் இதைத் தொடங்கி வைத்தவர்கள் நீங்கள்தான். எக்ரூடீக் நகரத்தின் எரிந்த கோபுரத்துக்குள் அடித்தளம்வரை இறங்கினால் ரைக்கூ, என்டே, ஸ்வீகூன் என்ற அரிய போக்கிமான்கள் மூன்றும் விழித்துக்கொண்டு ஓடிவிடும். அதன் பிறகு, கதை நடக்கும் ஜோட்டோ நாட்டின் பல ரூட்டுகளில், அதாவது ஊர்களை இணைக்கும் எண்ணிட்ட பாதைகளில், புல்வெளியில் அவை எதிரே வரலாம். ஒருமுறை எதிர்ப்பட்டுவிட்டால் அது இருக்கும் ரூட்டை, நம் கையிலுள்ள போக்கிமான் தகவல் கருவியான போக்கிடெக்ஸ் காட்டும்.

அந்த ஏற்பாட்டின் நுணுக்கத்தை எத்தனை பாராட்டினாலும் தகும். நாம் ஒரு ரூட்டிலிருந்து அடுத்ததற்குப் போனால் அதுவும் தன் பக்கத்து ரூட்டுக்கு நகரும். ஊர் விட்டு ஊர் பறக்க உதவும் ஃப்ளை போட்டுப் பறந்தாலோ எல்லாம் மொத்தமாக இடம் மாறிவிடும். ஆகவே பறந்து போய்ப் பிடிக்க முடியாது, நடந்துதான் ஆக வேண்டும். அப்போதுதான் வரைபடத்தை நிஜமாகவே படிக்கத் தொடங்குவோம். 39ஆம் ரூட்டுக்குள் போனது பெரும்பாலும் 38 வழியாகத்தான் வெளியே வரும். 29ம் 46ம் ஒட்டியிருப்பதால் அந்த எல்லையிலேயே இங்கும் அங்குமாக நடந்து வழிமறிக்கலாம். அந்த மூன்றும் 40ஆம் லெவலில் இருப்பதால், நம் அணியின் முன்னால் லெவல் 40ஐத் தாண்டாத ஒன்றை நிறுத்தி, அதைவிட லெவல் குறைந்தவற்றை விரட்டும் ரிப்பெல் அடித்தால் சில்லறைப் போக்கிமான்கள் விலகிவிடும், தேடுவது மட்டும் வரும். யாரும் பாடம் நடத்தாமலே, இருக்கிற விதிகளைக் கூட்டிப் பார்த்து ஆடுபவரே கண்டுபிடிக்கும் வழி இது.

எதிர்ப்பட்ட பிறகும் வேலை முடியாது. வாய்ப்புக் கிடைத்ததும் ஓடிவிடும். தப்பவிடாமல் தடுக்கும் மீன் லுக் என்ற வித்தையைப் போட்டு நிறுத்தினாலும், அதற்கு ரோர் என்ற கர்ஜனை வித்தை தெரியும், சண்டையையே முடித்துவிடும். ஆனால் அது பட்ட அடி அடுத்த சந்திப்பிலும் அப்படியே இருக்கும். அதனால் தப்பவிட்ட சந்திப்புகூட வீணாவதில்லை.

பிறகு வந்தவற்றில் இந்த ருசி குறைந்துகொண்டே போனது. எக்ஸ், வை விளையாட்டுகளில் ஓடித் திரியும் பறவைப் போக்கிமான் கை வைப்பதற்குள் பறந்துவிடும். அப்படியே பலமுறை கண்டால் போதும், கடைசியில் கடல் குகை ஒன்றில் வந்து நமக்காகக் காத்திருக்கும். இதில் ஆடுபவரின் யோசனைக்கு இடமே இல்லை. ஸ்வோர்ட், ஷீல்டு விளையாட்டுகளின் கூடுதல் பகுதியாக 2020ல் வந்த கிரவுன் டண்ட்ராவின் மூன்று பறவைகள் எனக்குப் பிடித்தவைதான். அவற்றில் ஒன்றான, கண்ணெதிரே ஓடும் ஸாப்டோஸைக் குறுக்கே புகுந்து மடக்குவது நல்ல ஆட்டம். ஆனாலும் அது கண்ணுக்கும் கைக்குமான வேலை, ஜோட்டோ மூளைக்கும் வேலை வைத்தது.

பிளாக், வைட் விளையாட்டுகளில் நீங்கள் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஓடித் திரியும் போக்கிமான்களான டொர்னேடஸோ தண்டுரஸோ இருக்கும் ரூட்டில் புயல் அடிக்கும், வழியிலுள்ள நுழைவாயில் கட்டடங்களின் அறிவிப்புப் பலகையில் அந்தச் செய்தி ஓடும். ஊரே துப்புக் கொடுப்பதுபோல் இருந்தது. ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளின் பால்டேயா போன்ற திறந்த உலகத்துக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். கோடு போட்ட ரூட்டுகள் இல்லாவிட்டால் என்ன, வட்டாரங்கள் இருக்கின்றனவே. வானிலை மாறட்டும், போக்கிமான்களுக்குச் சிகிச்சை தரும் போக்கிமான் சென்டரில் பேச்சு அடிபடட்டும். நாங்கள் எல்லை தாண்டினால் அதுவும் தாண்டட்டும்.

ஒரு கோரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2004ல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் ரைக்கூவோ என்டேயோ ரோர் போட்டுச் சண்டையை முடித்தால் நிரந்தரமாக மறைந்துவிடும். எதையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் வீசிப் பிடித்தவருக்கும் ஏமாற்றம்தான்: போக்கிமானின் பிறவித் திறனைக் குறிக்கும் ஐவி மதிப்புகளில், ஹெச்பி என்ற உயிர்பலம் தவிர்த்து, அட்டாக் அரைகுறையாகவும் மற்றவை பூஜ்ஜியமாகவும் வரும். அதே ஆண்டு எமரால்டில் இந்த ஐவி பிழையைத் திருத்தினீர்கள். ஓடுவது எத்தனை முறை வேண்டுமானாலும் தப்பட்டும். ஆனால் அது எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற உறுதியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். மயங்கி விழுந்தாலும் சில நாட்களில் வேறொரு வட்டாரத்தில் தலைகாட்டட்டும்.

மூன்று வேண்டாம், அடுத்த விளையாட்டில் அப்படி ஒன்று இருந்தாலே போதும்.

அன்புடன்,
ஒரு ஜோட்டோ ரசிகர்