காசு கட்டியே சேர்கிறோம், கதவைத் திறங்கள்: தேர்தல் அறிக்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அனைத்துக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைத் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

நடுத்தர வர்க்கத்தின் கருத்தைக் கேட்பதற்கென்று உங்களில் ஒரு கட்சி கூட்டிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, யார் கூட்டியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அறுபதைத் தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு என்ன யோசனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர், "வருமான வரி வரம்பை இன்னும் ஏத்தணும்னு எழுதியிருக்கோம் சார். அடுத்து யாரு?" என்றார். மைக் கைமாறிவிட்டது. அரசின் மருத்துவக் காப்பீட்டில் நாங்களும் காசு கட்டிச் சேர வழி கேட்டுத்தான் இந்த மடல்.

எங்களுக்காக நீங்கள் போட்டி போடுவது தெரியாமல் இல்லை. 2025 டெல்லித் தேர்தல் நினைவிருக்கும். ஜனவரி 16 அன்று, மத்திய அரசு ஊழியர்களின் சம்பளத்தைத் திருத்தும் எட்டாவது ஊதியக் குழுவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 22ஆம் தேதி ஆம் ஆத்மி கட்சித் தலைவர் கெஜ்ரிவால் நடுத்தர வர்க்கத்துக்கென்றே ஏழு கோரிக்கைகளை வெளியிட்டு, வரி விலக்கு வரம்பை 10 லட்சமாக்கச் சொன்னார். பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 5 வாக்குப்பதிவு. ஏலத்தில் கை தூக்குவது போல 10 என்றால் 12. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் என் சம்பளம் ஆண்டுக்கு ஐந்தரை லட்சம். புதிய வரி முறையில் அதற்கு முன்பே 7 லட்சம் வரை வரி கிடையாது. ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சர் சொன்ன அந்தச் சலுகையில் என் வீட்டுக்கு வந்தது பூஜ்யம். அந்தப் புதிய முறையில், பெற்றோருக்காகக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குக் கழிவும் கிடையாது. வரியே கட்டாதவனுக்குக் கழிவு எதற்கு என்பீர்கள். சரிதான், வரி வரம்பு எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன்.

அப்பாவுக்கு வயது 66. தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி எடுத்திருந்த குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துபோனது. பிறகு நான் தனியாக ஒரு பாலிசி எடுத்தேன். அவருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே இருந்ததால், அவை சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நான்கிலிருந்து குறைத்து வைத்திருக்கும் உச்சவரம்பு அது. காத்திருப்புக் காலம் முடிவதற்குள் ஒரு ராத்திரி நெஞ்சுவலி வந்துவிட்டது. அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எது பக்கமோ அங்கேதான் கால் ஓடும். ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது.

மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வருமானம் அதிகம் என்றேன். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால்தான் அந்த அட்டை, அதாவது மாதம் பத்தாயிரம். அவர் குரலைத் தாழ்த்தி, "வருமானச் சான்று ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க சார், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு உதவி செய்யத்தான் சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பையன் மாசம் பத்தாயிரம்தான் சம்பாதிக்கிறான்னு எழுதிக் குடுக்கவா?" என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் பில் கட்டினோம். பொய்ச் சான்று வாங்கியிருந்தால் நகை வீட்டில் இருந்திருக்கும். நேர்மையாக இருப்பவனுக்கு வட்டி போடுகிற ஏற்பாடு இது. உங்கள் மேடைகளில் எங்களை நாட்டின் முதுகெலும்பு என்கிறீர்கள். அந்த முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுக்க எவ்வளவு ஆகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

நாங்கள் இலவசம் கேட்கவில்லை. ஏழைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. எங்கள் ஓட்டுக்காக அவர்களை ஓசி என்று கேலி செய்யும் பேச்சு எங்களுக்கு வேண்டாம். அரசின் காப்பீட்டுத் திட்டத்தில், வருமான வரம்பைத் தாண்டியவர்களும் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சேர வழி வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நடக்காத காரியமும் இல்லை. ராஜஸ்தானில் 2021இல் சிரஞ்சீவி என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, இலவசப் பட்டியலில் இல்லாத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேர்ந்தார்கள். பிறகு ஆட்சி மாறியது, பெயரும் மாறியது, அது உங்கள் வழக்கம். அதே 2021 அக்டோபரில், மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக், ஏழைகளுக்கான திட்டங்களிலும் சேராமல் சொந்தமாகக் காப்பீடும் இல்லாமல் நடுவில் விடுபட்டவர்கள் மட்டும் குறைந்தது 40 கோடிப் பேர் என்று அறிக்கையே வெளியிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு அரசுத் திட்டத்தில் சேர்ப்பதையும் அது ஒரு வழியாகச் சொல்லியிருக்கிறது. எங்களை எண்ணியாகிவிட்டது. அப்புறம்?

அப்புறம், 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வருமானம் பார்க்காமல், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் 5 லட்சம் வரை சிகிச்சை என்று விரிவாக்கினார்கள். நல்ல காரியம். மாரடைப்புக்கும் அந்தச் சுற்றறிக்கையின் ஒரு நகலை அனுப்பி, 70 வரை பொறுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். 2025 செப்டம்பரில் தனிநபர் காப்பீட்டின் 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்தார்கள். அதற்கும் நன்றி. அடுத்த புதுப்பிப்பில் அடிப்படைப் பிரீமியம் 10 சதவீதம் ஏறியது. வரி போன லாபத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்தது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் ஆலோசனை இல்லாமலே ஏற்றலாம் என்பதால் யாரையும் கேட்கவும் முடியாது. இன்னொரு பக்கம், தொழிலாளர் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை 2014இல் 1,000 ரூபாய் என்று வைத்தவர்கள், பத்து ஆண்டு கழிந்தும் அதை நகர்த்தவில்லை. அப்பாவின் மாத்திரைச் செலவே அதைவிட அதிகம். இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நிற்காது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் எங்களுக்கென்று எத்தனை பக்கம் ஒதுக்கினாலும், இந்த ஒன்றுக்கு அரைப் பக்கம் கொடுங்கள்: வருமான வரம்பைத் தாண்டியவர்கள் காசு கட்டி அரசுக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, ஆட்சிக்கு வந்த எத்தனையாவது மாதத்திலிருந்து, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு உண்டா இல்லையா என்பதையும் தெளிவாகப் போடுங்கள். 850 ரூபாய்க்கு முடியாது, ஐயாயிரம் ஆகும் என்றால் அதையும் சொல்லுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். இதுகுறித்து ஆராய வல்லுநர் குழு அமைக்கப்படும் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அந்த ஆராய்ச்சி 2021லேயே முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
மாதச் சம்பளக்காரன் ஒருவன்