மொய் நோட்டைப் படிக்கச் சொல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது நன்றாகவே காய்க்கின்றன.

உன் மகள் சமூகவியல் எடுத்துப் படிப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சமூக விதிமுறை, பரிமாற்றம், சமூகக் கட்டுப்பாடு எல்லாம் மனப்பாடம் ஆகிறதே தவிர மனதில் ஒட்டவில்லை என்கிறாளாமே. ஆடி மாதம் அவளை இங்கே அனுப்பி வை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஒரு மொய் விருந்துக்குக் கூட்டிப்போகிறேன்.

கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய்க்காகவே வைக்கிற விருந்து இது. செலவைப் பகிர்ந்துகொள்ளப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். பத்திரிகையில் எல்லோர் பெயரும் இருக்கும். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. வருகிறவர்கள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஊர், பெயர் சொல்லிப் பணத்தை வைப்பார்கள். அந்தப் பணத்தில் போர்வெல் போடுகிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிறார்கள். கடன் பத்திரம் கிடையாது. ஆனாலும் வாங்கியவர் வீட்டில் பழைய நோட்டு பத்திரமாக இருக்கும். பத்திரிகை வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.

பிரெஞ்சு மானுடவியல் அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த, அன்பளிப்பு பற்றிய தன் கட்டுரையில், கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது மூன்றுமே கடமை என்றார். பார்வைக்கு மனமுவந்த அன்பளிப்பு, உள்ளுக்குள் கட்டாயம். மொய்யில் அது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. வாங்கிய தொகையை மட்டும் அப்படியே திருப்பி வைத்தால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். கூட்டி வைத்தால் உறவு தொடர்கிறது. அதாவது யாருக்காவது பாக்கி இருக்கும்வரைதான் போக்குவரத்து. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மோஸின் தாய்மாமன், சமூகவியல் அறிஞர் துர்கைம். தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்துகிறதைச் 'சமூக உண்மை' என்று 1895-இல் எழுதியவர் அவர். மொய் வைக்காதவரைப் போலீஸ் பிடிக்காது. ஆனால் டீக்கடையில் பேச்சு வரும், அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது. அந்தப் பயம் போதும்.

இதைப் பெருமையாக மட்டும் பேசவும் எனக்கு மனமில்லை. வங்கி வாசலில் நிற்காமல் ஒரு குடும்பம் நிமிர்வது பெரிய விஷயம்தான். அதே சமயம், விளைச்சல் இல்லாத வருடத்திலும் மரியாதைக்குப் பயந்து வட்டிக்கு வாங்கி மொய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா வாங்கியதை மகன் சுமக்கிறான். விருந்தை நடத்தவே கையில் கொஞ்சம் பணம் வேண்டும். அது இல்லாதவர் இந்தச் சுற்றுக்குள் எப்படி வருவார்? மொய் எவ்வளவு தூரம் சாதி தாண்டிப் போகிறது, பெண்கள் பெயரில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்பதையும் அவள் நோட்டைப் பார்த்தே கேட்கட்டும். வர்க்கம், அந்தஸ்து என்று பாடத்தில் வருவது அங்கேதான் பிடிபடும்.

எந்த வாரம் வருகிறாள் என்று முன்னாடியே எழுது. ஆடி கடைசியில் ஒரே நாளில் மூன்று நான்கு ஊரில் விருந்து வரும்; தெரிந்தவர்களிடம் பேசி, எழுதுகிற மேசைப் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்