எஸ்பெராண்டோ ஆசிரியர் சங்கத்துக்கு: பயிற்சியை ஆசிரியர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள்

எஸ்பெராண்டோ ஆசிரியர்களின் பன்னாட்டுச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு லோமே நகரில், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட மொழியான எஸ்பெராண்டோவைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவருக்கு இந்த முறையும் விசா கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் கோடையில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அவர் வர முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். தெரிந்த எல்லோரும் ஐயோ பாவம் என்றோம், அதோடு விஷயம் முடிந்துவிட்டது. அப்படி முடியக்கூடாது என்பதற்காகத்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் மட்டும் 90 யூரோ. மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடச் சான்று, திரும்பும் பயணத்துக்கான பதிவு எல்லாம் காட்ட வேண்டும். அத்தனையும் திரட்டிக் கொடுத்தவருக்குத் தூதரகத்திலிருந்து வந்தது ஒரு அச்சடித்த தாள். விசா காலம் முடியுமுன் அவர் ஊர் திரும்புவாரா என்பதில் ஐயம் என்ற வரிக்கு நேரே ஒரு குறி. குடும்பம், வேலை, மாணவர்கள் எல்லாம் லோமேயில் இருக்கும் ஒருவரைப் பற்றித்தான் அந்த ஐயம். முகாம் அமைப்பாளர்களோ "அடுத்த ஆண்டு முயன்று பாருங்கள்" என்று எழுதினார்கள். அன்பாகத்தான் எழுதினார்கள். ஆனால் போன முறை எழுதியதும் அதே வாக்கியம்தான்.

அவர் வகுப்பை வீடியோ அழைப்பில் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் ஒன்றே ஒன்று. மாணவர்கள் கையில் இருப்பது நகலின் நகல். தலையில் தொப்பி போல ஒரு குறி உள்ள எஸ்பெராண்டோ எழுத்துகள் ஆறும் என்ன பாடுபடும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஒவ்வொரு நகலிலும் தொப்பி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் காணாமலே போய்விடுகிறது. 'ஸ' எது, 'ஷ' எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் முந்தின இரவே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் நீலப் பேனாவால் தொப்பிகளைத் திரும்பப் போட்டுவிடுகிறார். வாரந்தோறும் இதுதான் வேலை. இவ்வளவு அக்கறை உள்ள ஒருவருக்கு, கற்பிக்கும் முறையைக் கூட இருந்து பார்த்துத் திருத்திக் கொடுக்க ஒரு பயிற்சியாளர்கூட இதுவரை போகவில்லை.

எனவே என் கோரிக்கை: பயிற்சி முகாமை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடத்துங்கள். பேச்சுக்கு ஒரு முறை என்று இல்லாமல், ஐரோப்பாவில் ஒரு முறை நடந்தால் அடுத்தது வேறு கண்டத்தில் என்று முறை வைத்து நடத்துங்கள்.

பணம் இல்லை என்பீர்கள். நீங்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள், சந்தாவை நம்பி ஓடும் சங்கம் இது, அதை மறுக்கவில்லை. ஆனால் லோமேயிலிருந்து ஒருவரை ஐரோப்பாவுக்கு அழைக்கும் செலவில், ஐரோப்பாவிலிருந்து ஒரு பயிற்சியாளரை லோமேக்கு அனுப்பிவிடலாம். அழைத்தால் ஒருவர் கற்பார், அனுப்பினால் ஒரு அறை நிறைய ஆசிரியர்கள் கற்பார்கள். பயிற்சியாளருக்கு விசா இவ்வளவு பெரிய மதிலாகவும் இருக்காது.

அப்படிப் போகிற பயிற்சியாளர்களும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. லோமே பிள்ளைகள் வீட்டில் எவே என்ற தங்கள் மொழியைப் பேசிவிட்டுப் பள்ளியில் பிரெஞ்சில் படிக்கிறவர்கள், எஸ்பெராண்டோவுக்கு வரும்போதே இரண்டு மொழிகளோடு வருகிறார்கள். நான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். செயப்படுபொருளுக்குச் சேர்க்கும் 'ன்' விகுதியைப் பல பாடங்களுக்கு இழுத்து விளக்குகின்றன நம் புத்தகங்கள். இரண்டாம் வேற்றுமை உருபு இல்லாமல் ஒரு நாளும் பேசியிராத எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரே மாலையில் பிடிபட்டுவிடுகிறது. அவர்கள் தடுக்கி விழுவது வேறு இடங்களில். எங்கே விழுகிறார்கள் என்பது வகுப்பில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். சரி, இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

முதல் உலக எஸ்பெராண்டோ மாநாடு 1905இல் பிரான்ஸின் புலோனில் கூடியது. ஆப்பிரிக்க மண்ணில் ஒரு உலக மாநாடு நடக்க 2024 வரை, தான்சானியாவின் அருஷா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 119 ஆண்டுகள்! 1954இல் மொண்டெவிடியோவிலும் 1985இல் சோஃபியாவிலும் எஸ்பெராண்டோவுக்கு ஆதரவாக யுனெஸ்கோ நிறைவேற்றிய தீர்மானங்களை ஒவ்வொரு மேடையிலும் எடுத்துக் காட்டுகிறோம். எஸ்பெராண்டோ இயக்கத்தின் கொள்கைகளைச் சொல்லும் 1996இன் பிராக் அறிக்கையில் முதல் கொள்கையாகவே ஜனநாயகத்தை வைத்திருக்கிறோம். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு ஆசிரியையைத் திருப்பி அனுப்புகிற அரசுகளை நாம் கேள்வி கேட்க வேண்டாமா? எல்லைகளைத் தாண்டிய மொழி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, எல்லையில் நிறுத்தப்பட்டவரிடம் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்வது எப்படி நியாயம்? அரசுகள் செய்வதற்குச் சங்கம் பொறுப்பல்ல, தெரியும். முகாமை எங்கே வைப்பது என்பதற்குச் சங்கம்தான் பொறுப்பு.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சங்கம் இல்லாவிட்டால் லோமே ஆசிரியையை நான் அறிந்திருக்கவே மாட்டேன், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். அடுத்த முகாம் லோமேயிலோ, காத்மாண்டுவிலோ, புருண்டியின் புஜும்புராவிலோ நடக்கட்டும். அதுவரை, விசா மறுக்கப்பட்டவர்கள் செய்முறை வகுப்பைத் தங்கள் ஊரிலேயே எடுத்துக் காட்டித் தேற வழி செய்யுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை உறுப்பினர்கள் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு எஸ்பெராண்டோ ஆசிரியர்