வினோனா சிறையில் சொன்ன இரண்டு வசனங்கள்

ஃபேனி லூ ஹேமர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

அமெரிக்காவில் கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய நீங்கள் 1977-இலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டீர்கள், தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் சபைகளில் அநியாயத்தைப் பார்த்தால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறவர்கள் நிறைய. அதே கர்த்தரை நம்பித்தான் நீங்களும் இருந்தீர்கள், ஆனால் நகரவில்லை.

உங்கள் மிசிசிப்பி மாநிலத்தில் ரூல்வில் ஊர் சர்ச்சில் 1962 ஆகஸ்டில் நடந்த கூட்டத்தில்தான் கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்பதே உங்களுக்குத் தெரியவந்தது. அப்போது வயது 44. அந்த மாதம் 31-ஆம் தேதியே இன்னும் 17 பேரோடு பஸ் ஏறி, வாக்காளராகப் பெயரைப் பதிய இண்டியனோலா ஊருக்குப் போனீர்கள். திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தி, பஸ் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம் போட்டது (படிக்கிறவனுக்குச் சிரிப்பு வரும், உள்ளே இருந்தவர்களுக்கு வந்திருக்காது), பயந்துபோயிருந்தவர்களுக்காக நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். பதியப் போனதற்காகவே, 18 வருஷம் வேலை செய்த பருத்தித் தோட்டத்திலிருந்து அன்று ராத்திரியே வெளியேற்றப்பட்டீர்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வினோனாவைத்தான். 1963 ஜூன் மாதம் அந்த ஊர் பஸ் நிலையத்தில் உங்களையும் கூட வந்தவர்களையும் பிடித்துக்கொண்டுபோய், சிறையில் இருந்த இரண்டு கறுப்புக் கைதிகளையே மிரட்டி உங்களை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகமும் கண்ணும் பிறகு ஒருபோதும் சரியாகவில்லை. அந்த நிலையில், குடிக்கத் தண்ணீர் கொடுத்த சிறைக்காவலரின் மனைவியிடம் பேச்சுக் கொடுக்கிறீர்கள். நாங்களும் கிறிஸ்தவர்களாக வாழத்தான் முயற்சி செய்கிறோம் என்கிறார் அவர். அப்படியானால் வேதத்தில் நீதிமொழிகள் 26:26, அப்போஸ்தலர் 17:26 இரண்டையும் எடுத்துப் படியுங்கள் என்றீர்கள். முதலாவது, பகையை வஞ்சகமாய் மறைத்து வைக்கிறவனின் பொல்லாங்கு மகா சபையிலே வெளிப்படும் என்பது. இரண்டாவது, எல்லா ஜனங்களையும் தேவன் ஒரே இரத்தத்தினாலே உண்டாக்கினார் என்பது. அடிபட்டுக் கிடக்கிறவர் ஆறுதல் வசனம் தேடவில்லை பாருங்கள், அந்த வீட்டுக்கு வேண்டிய வசனத்தைக் கொடுத்தார்.

அடித்த அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி எல்லோரையும் விடுவித்தது. சரி, மகா சபை? 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் உட்கார்ந்து வினோனாவில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். உங்கள் பேச்சு நேரலையில் போகாமலிருக்க ஜனாதிபதி ஜான்சன் பதறி அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார், டிவி கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின. ஆனால் அன்று ராத்திரி உங்கள் பேச்சைப் பதிவிலிருந்து ஒளிபரப்பினார்கள், நாடே பார்த்தது. அந்த நீதிமொழியை இனி வினோனாவை நினைக்காமல் என்னால் படிக்க முடியாது.

அந்த மாநாட்டில் வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பி பிரதிநிதிக் குழுவுக்குப் பதிலாக, கறுப்பர்களுக்கும் இடம் தந்த உங்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சியை உட்காரவைக்கக் கேட்டீர்கள், இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டீர்கள். துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆகக் காத்திருந்த ஹம்ஃப்ரி சமரசம் பேச வந்தபோது, நாலு லட்சம் கறுப்பர்களின் உயிரைவிட உங்கள் பதவி பெரிதா என்று முகத்துக்கு நேரே கேட்டு, உங்களுக்காக இயேசுவிடம் ஜெபிக்கப்போகிறேன் என்றீர்கள்.

எங்கள் ஊரிலும் கிறிஸ்துமஸ் விழா மேடையில் அமைச்சர்களுக்காக ஜெபிப்பார்கள் அம்மா, பொன்னாடையும் உண்டு, கேக்கும் உண்டு. அப்படி ஜெபித்ததற்காக யாரையும் அடுத்த கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்களை அழைக்கவில்லை.