'குறைந்த அபாயம்' என்று எழுதியவர்களுக்கு

அணைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்புக்கு மேலே, படகு விடவும் தூண்டில் போடவும் என்று எந்தக் காலத்திலோ மண்ணைக் கொட்டிக் கட்டிய சின்ன அணை ஒன்று இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் அது 'குறைந்த அபாயம்'. இதைக் கேட்டதும் கரை உறுதியாக இருக்கிறது போலிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வகைப்பாட்டுக்கும் கரையின் நிலைக்கும் சம்பந்தமே இல்லை, உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பது மட்டும்தான் அதில் கணக்கு. கரை முழுக்க எலிவளையாக இருந்தாலும் கீழே வெறும் புல்வெளி என்றால் 'குறைவு'. கல் மாதிரி இருந்தாலும் கீழே ஆள் தூங்கும் வீடு இருந்தால் 'அதிகம்'.

சரி, அன்றைக்குப் புதர்க்காடுதான் இருந்திருக்கும். இன்றைக்கு ஓடையை ஒட்டியே வீடுகள். வகையை யாரும் மாற்றவில்லை. பல இடங்களில் இந்த வகையை வைத்துத்தான் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது, அவசரத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதே முடிவாகிறது.

சின்ன அணைதானே, பொழுதுபோக்குக்குத்தானே என்பீர்கள். 1889-இல் அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனை 2,200-க்கும் மேற்பட்ட உயிர்களோடு அடித்துப் போன சவுத் ஃபோர்க் மண் அணையும் பணக்காரர்களின் மீன்பிடி கிளப்பிடம் இருந்ததுதான். நீரை இறக்கும் குழாய்களை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றுவிட்டார், வண்டி போக வசதியாகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள், மீன் தப்பாமலிருக்க, உபரி நீர் வழிந்து வெளியேறும் கலிங்கில் கம்பி வலை வேறு. 1977 நவம்பர் 6-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் அதே நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் போனார்கள். மின்சாரம் எடுப்பதை 1957-இலேயே நிறுத்திவிட்டு, பிறகு பொழுதுபோக்கு ஏரியாக விட்டுவைத்த அணை அது.

எங்கள் கரையில் கீழ்ச்சரிவு முழுக்க மரங்கள். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. கலிங்கில் சருகும் ஒரு முறிந்த கிளையும் கிடக்கின்றன. கரையின் அடியில் ஓரிடத்தில் மட்டும் கோடையிலும் புல் பச்சையாக இருக்கிறது, மிதித்தால் செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறி வருகிறது. இப்போதைக்குத் தெளிந்த தண்ணீர்தான். கலங்கி வந்தால் உள்ளிருந்து மண் கரைகிறது என்று அர்த்தம், அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடத்தில் பார்க்காதீர்கள். கலிங்கிலிருந்து ஓடையோடு நடந்து வந்து, எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணிவிட்டு வகையை மறுபடி போடுங்கள். அந்த ஈரத்தின் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன், தயவுசெய்து யாரும் பிடுங்க வேண்டாம்.